கேட்காமல் கட்டிய தொட்டில்

காஜா பெராங், மலாக்கா
14-9-1958

அன்புள்ள கோகிலாவுக்கு,

மாமி எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, வாய்க்கும்தான் குறைவில்லை. விடுமுறை முடிந்து நீ ஈப்போவுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இதுவரை வந்தது ஒரே ஒரு கடிதம், அதிலும் பாதி மழையைப் பற்றி. சேது அதைப் படித்துவிட்டு, "பொண்டாட்டி எழுதின மாதிரியா இருக்கு? ரேடியோவுல வானிலை சொல்ற மாதிரி இருக்கு" என்றான். என் மகன் அப்படியெல்லாம் குறை சொல்கிறவன் இல்லை. ஆனால் நான் வடித்த சோற்றை வீட்டில் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் கிளேபாங் கடற்கரைக்குப் போய் சீனர் கடையில் மீ சாப்பிட்டுவிட்டு வருகிறான். அதைப் பற்றி நான் யாரிடம் குறை சொல்வது?

சனிக்கிழமை கிளினிக் வேலையை நான் விட்டுவிட வேண்டும் என்று நாகம்மா அண்ணி தினமும் காலையில் ஒருமுறை சொல்கிறார். உன் மாமனார் போன பிறகு அவருடைய அக்கா என்ற உரிமையில் இந்த வீட்டில் எதையும் சொல்லலாம் என்பது அவர் எண்ணம். "பிள்ளை வேணாம்னு சொல்லிக் குடுக்கிற எடத்துல ஒனக்கு என்ன வேலை?" வேண்டாம் என்று இல்லை அண்ணி, போதும் என்று சொல்லிக் கொடுக்கிற இடம் என்கிறேன். டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொல்வதைத் தோட்டத்துப் பெண்களுக்குத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. தமிழ் மறந்துபோன பக்கத்துச் செட்டி வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு மலாயில் சொல்கிறேன். எந்த மொழியில் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். செங் தோட்டத்திலிருந்து லோரியில் வரும் அஞ்சலை, பிள்ளை உண்டாகாமலிருக்க உள்ளே வைத்துக்கொள்ள வேண்டிய நுரை மாத்திரையைத் தண்ணீரில் போட்டு வயிற்றுப் பொருமலுக்குக் குடித்திருக்கிறாள். கேட்டால், "நல்லாத்தான் கேட்டுச்சு டீச்சர், இன்னும் ரெண்டு குடுங்க" என்கிறாள். ஏழு பிள்ளைக்காரி. நான் தலையில் அடித்துக்கொள்ளவா, சிரிக்கவா?

இன்னொரு விஷயம், கோபப்படாமல் படி. போன வெள்ளிக்கிழமை அண்ணி அம்மன் கோயில் வேப்பமரத்தில் உங்கள் இருவர் பேருக்கும் தொட்டில் கட்டிவிட்டு வந்தார். தச்சரிடம் சொல்லிச் செய்த மரத்தொட்டில், கையகலம். உள்ளே பிள்ளைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். கல்யாணமாகி ஐந்து மாதம்தானே என்றேன். "கேட்டுத்தான் கட்டினேன்" என்றார். கேட்டிருந்தால் சரி. எனக்குத்தான் யாரும் எதையும் சொல்வதில்லை.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரேயடியாகக் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

அன்புள்ள மாமி,
மீனாச்சி

*

ஈப்போ
23-9-1958

அன்பும் மரியாதையும் உள்ள மாமிக்கு,

ஊறுகாய் வந்தது. மன்னியுங்கள், தீர்ந்தும் போனது.

நான் மழையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மகனுக்குப் போகும் கடிதம் ஆபீஸ் முகவரிக்குப் போகிறது. பக்கத்து நாற்காலியில் ஜெயபாலன். போன முறை நான் எழுதிய ஒரு வரியை அவர் சத்தம் போட்டுப் படித்தாராம். அதற்கு மேல் எனக்கு வானிலைதான் எழுத வருகிறது.

ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். என் அறையில் இருந்த ஜெயாவை உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்து பூச்சரம் கட்டிக் கொடுத்தாளே, அவள்தான். அவளுக்கும் அதே ஏப்ரல் விடுமுறையில்தான் கல்யாணம். இந்த மாதம் ஒரு காலை, சாப்பாட்டுக் கூடத்தில் நெத்திலி வறுத்த வாசனை தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வார்டன் பின்னாலேயே போனார். மறுவாரம் அவளுடைய பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறவள் பிள்ளை உண்டானால் இடம் போய்விடும், திரும்பச் சேர முடியாது. இந்தக் கல்லூரியின் விதி. கணக்கில் எங்களில் முதல் மாணவி அவள். போகும்போது அழவில்லை மாமி. "எப்படி ஆச்சுன்னுகூட எனக்குச் சரியாத் தெரியலடி" என்றாள்.

உண்மையிலேயே தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. உடல்நலப் பாடத்தில் வார்டன் தவளையில் தொடங்கி முயலில் நிறுத்திவிட்டார். மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொள்வீர்கள் என்றார். கல்யாணமான நாங்கள் இரண்டு பேர் கை தூக்கினோம். "உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்குமே" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

ஜெயா போன அன்று அறையில் ஒரே ஆராய்ச்சி.

"அன்னாசி தின்னா நிக்காதுடி."

"எங்கக்கா இருக்கிறதே அன்னாசித் தோட்டத்துலதான். அஞ்சு பிள்ளை."

"படியிலேருந்து குதிக்கணுமாம்."

"எத்தனாவது படி?"

சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மாமி, எனக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. டிசம்பரில் வீட்டுக்கு வரும்போது உங்கள் கிளினிக்கில் எனக்கு ஒரு நாள் வாங்கித் தாருங்கள். முன்பின் தெரியாதவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் சொல்வதை எனக்கும் சொல்லுங்கள். நான் நுரை மாத்திரையைக் குடிக்க மாட்டேன்.

தொட்டிலை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டுக் கட்டவில்லை.

உங்கள் மருமகள்,
கோகிலா

*

காஜா பெராங்
5-10-1958

அன்புள்ள கோகிலாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்து, சமையலறை அடுப்பில் போட்டேன். அண்ணிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இப்படிப்பட்டவற்றையெல்லாம் எழுத்தில் எழுதலாமா? நேரில் பேச வேண்டியதை நேரில் பேசு.

ஜெயாவை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் நீ கேட்பது நடக்காது. ஒரு பிள்ளையாவது பெற்றவளுக்குத்தான் கிளினிக்கில் இடம், புருஷன் சம்மதமும் வேண்டும். அந்த விதிக்குக் கமிட்டியில் நானும் கை தூக்கியிருக்கிறேன். உடனே கோபப்படாதே. நாங்கள் கிளினிக்கைத் திறந்தபோது கோயில்காரர்கள் ஒரு பக்கம், பாதிரியார் ஒரு பக்கம், பள்ளிவாசல்காரர்கள் ஒரு பக்கம் எதிர்த்து நின்றார்கள். புதுப்பெண்களைப் பிள்ளை பெறாதே என்று கெடுக்கிறார்கள் என ஒரு பேச்சு கிளம்பியிருந்தால் அன்றைக்கே கதவைச் சாத்தியிருப்போம். அஞ்சலை மாதிரிப் பெண்கள் எங்கே போவார்கள்? சிலதை விட்டுத்தான் சிலதைக் காப்பாற்ற முடிகிறது. இருபத்தொரு வயதில் இது புரியாது.

மனம் கேட்காமல் ஒன்று கேட்கிறேன். சேதுவுடன் ஏதாவது மனத்தாங்கலா? இருந்தால் சொல். இல்லையென்றால் நான் சொல்வதைக் கேள்: பிள்ளை வந்தால் வரட்டும். நான் வளர்க்கிறேன். படிப்பு எங்கே ஓடிப்போகிறது என்று எழுத வந்தேன். ஓடித்தான் போகும் என்று நீ பதில் எழுதுவாய். எழுது.

தொட்டிலைப் பற்றி அண்ணியிடம் பேசினேன். கட்டினதை அவிழ்க்கக்கூடாதாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமி,
மீனாச்சி

*

ஈப்போ
19-10-1958

மாமிக்கு,

உங்கள் கடிதத்தை நான் எரிக்கவில்லை. எனக்கு அடுப்பு இல்லை.

போதும் என்று சொல்லிக் கொடுக்கிற இடம் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு பெற்ற பிறகு போதும் என்று சொல்லலாம், ஒன்று பெறும் முன்பு பிறகு என்று சொல்லக்கூடாதா? அஞ்சலையைக் காப்பாற்ற நீங்கள் கைவிட்டது எங்களைத்தான் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. இருபத்தொரு வயதில் புரியாது என்கிறீர்கள். அதே வயதில் பிள்ளை மட்டும் பெறலாமாக்கும்.

மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடமே. அவருடைய மோட்டார் சைக்கிள் மாதிரி ஒன்று விடுதி வாசலில் சத்தம் போட்டால், கணக்குப் புத்தகத்தில் எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துபோகிறது. ஆகஸ்டில் வந்திருந்தேனே, திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் பயந்து பயந்து எழுந்தேன். தப்பித்தேன் என்று தெரிந்தபோது குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். இன்னொரு முறை அப்படிப் பயப்பட என்னால் முடியாது.

ஆகவே டிசம்பரில் நான் வரவில்லை. தூரத்து ஊர்ப் பெண்கள் சிலர் விடுமுறையிலும் இங்கேயே இருப்பார்கள். நானும் இருக்க வார்டனிடம் கேட்டுவிட்டேன். பிள்ளை உண்டாகாமலிருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். உங்கள் கமிட்டியின் அனுமதி இதற்குத் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

அவரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். தொட்டில் கட்டச் சொன்னது அவர்தான் என்று எனக்குத் தெரியும். நாகம்மா அத்தை கேட்டுத்தான் கட்டினார் என்றால் வேறு யாரைக் கேட்டிருப்பார்? ஆசையாகத் தொட்டில் கட்டச் சொன்னவரிடம் போய் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? அதுவும் ஜெயபாலன் படிக்க.

கோகிலா

*

காஜா பெராங்
16-11-1958

அன்புள்ள கோகிலாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் ஒரு காரணம். உன்மேல் கோபமா என்மேல் கோபமா என்று பிரிக்கத் தெரியாமல் தீபாவளி வந்துவிட்டது. முறுக்கு கருகியது.

நீ வரவில்லை என்று தீபாவளியன்றுதான் சேதுவிடம் சொன்னேன். அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. "அவளுக்கு என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லட்டும்" என்றான். சரி, நேராகவே சொல்லிவிடுவோம் என்று நான் ஆரம்பித்தேன்.

வாராவாரம் யார் யாரிடமோ சொல்லும் சொற்கள், பெற்ற மகனிடம் சொல்ல வாயில் வரவில்லை. மோர்க்குழம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது.

"ஏம்மா, சாப்பிடும்போதா இதையெல்லாம் பேசுவே?"

"வேற எப்போடா நீ ஒரு எடத்துல உக்கார்றே?"

"இதுக்காகவா அவ வரல?"

"இதுக்காகத்தான். வந்தா படிப்பு போயிடும்னு பயப்படுறா. நீயோ தொட்டில் கட்டச் சொல்லியிருக்கே."

"நானா? அவதானே சொன்னா?"

"அவளா?"

"அத்தைதான் கேட்டுத்தான் கட்டினேன்னாங்களே. என்னைக் கேக்கல. அப்போ அவளைத்தானே கேட்டிருக்கணும்? சம்பளம் ஏறட்டும், அவ படிச்சு முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்ல நெனச்சேன்மா. தொட்டிலே கட்டியாச்சுன்னதும் எப்படிச் சொல்றது? மனசு ஒடஞ்சிடாதா?"

கோகிலா, நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். ஆகஸ்டில் வந்து இருந்தாயே, இரண்டு பேரும் அத்தனை நாள் என்ன பேசினீர்கள்? மழையைப் பற்றியா?

அண்ணியைக் கூப்பிட்டேன். "யாரைக் கேட்டு அண்ணி தொட்டில் கட்டினீங்க?"

"அம்மனைத்தான். பூ கேட்டேன். வலப்பக்கம் விழுந்துச்சு. வேற யாரைக் கேக்கணும்ங்கிறே?"

நான் சிரித்துவிட்டேன். சேது சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்துவிட்டு வெளியே போனான். அவன் தட்டுக் கழுவியதை நான் பார்த்ததே இல்லை.

அந்த வாரக் கடைசியிலேயே கமிட்டி. திருமதி ராஜரத்தினம்தான் தலைவர். விதியை மாற்ற வேண்டும், பிள்ளை பெறாதவர்களையும் பார்க்க வேண்டும் என்று எழுந்து சொன்னேன்.

"மீனாச்சி, உங்க மருமகளுக்குத்தானே கேக்கிறீங்க?"

"அவளுக்கும்தான்."

"அப்போ தனியா ஏதாவது பாத்துக்கலாமே. விதியை எதுக்குத் தொடணும்? இன்னைக்கு இவங்களைச் சேர்த்தா, நாளைக்குக் கல்யாணமாகாததுங்க வந்து வரிசையில நிக்கும்."

"நின்னா நாம என்ன சொல்லுவோம்னு எனக்கும் தெரியல. ஆனா இவங்க இப்பவே நிக்கிறாங்களே."

என்னைத் தவிர ஒரு கையும் எழவில்லை. தேநீர் வந்தது. ரொட்டி நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். வெளியே வந்து கடைகளின் முன் ஓடும் ஐந்தடிப் பாதையில் நின்றபோது டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: அந்த விதி கிளினிக்குக்குத்தான், என் சொந்த மருந்தகத்துக்கு இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வரட்டும்.

ஆகவே வா. அடுத்த கமிட்டியிலும் எழுந்து கேட்பேன். அவர்களுக்கு அலுக்கிறதா எனக்கு அலுக்கிறதா, பார்க்கலாம்.

மாமி

*

ஈப்போ
25-11-1958

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தைய நாள் உங்கள் மகன் வந்துவிட்டார். ரயிலில் இரவெல்லாம் நின்றுகொண்டே வந்தாராம். பார்வையாளர் அறையில் எங்களை எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்து, வார்டன் நடுவில் பின்னல் வேலையோடு உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டியவர் என்று சொன்னேன். "அதனால்தான்" என்றார்.

என்ன பேசுவது? அவர் தொண்டையைக் கனைத்துவிட்டு, "தொட்டிலைக் கட்டச் சொன்னது நான் இல்ல" என்றார். நானும் இல்லை என்றேன். "எனக்கும் இப்போ வேணாம்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. வார்டனின் பின்னல் ஊசி நின்றுவிட்டது. நான் சிரிக்க, அவர் சிரிக்க, வார்டன் நேரம் முடிந்தது என்றார்.

டிசம்பரில் வருகிறேன். இரண்டு பேருமாக டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கிறோம். சந்தோஷம்தான். ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. ஜெயாவுக்குக் கமிட்டியில் ஒரு மாமி இல்லை. இங்கே என்னோடு இருக்கும் பெண்களுக்கும் இல்லை. அடுத்த ஏப்ரலில் இரண்டு பேருக்குக் கல்யாணம். இப்போதே அன்னாசி வாங்கி வைக்க வேண்டும் என்று கேலி பேசிக்கொள்கிறார்கள். பயம்தான் அப்படிப் பேசுகிறது.

ஒன்று செய்யுங்கள். சனிக்கிழமை சொல்வதை எல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளை எப்படி உண்டாகிறது, எப்படித் தள்ளிப்போடலாம், என்ன நோய் வரும், எதற்கு டாக்டரிடம் போக வேண்டும். தவளை வேண்டாம். முயலும் வேண்டாம். நான் அறையில் படித்துக் காட்டுகிறேன்.

அந்தத் தொட்டில் மரத்தில் இருக்கும்வரை நான் கோயில் தெரு வழியாக நடக்க மாட்டேன். தாம்பின் ரயில் ஸ்டேஷனுக்கு அவரை அனுப்புங்கள்.

அன்புடன்,
கோகிலா

*

காஜா பெராங்
2-12-1958

அன்புள்ள கோகிலா,

நீ கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இப்படிப்பட்டவற்றை எழுத்தில் எழுதலாமா என்று கேட்டவள் நான்தான். அதை நீ நினைவுபடுத்த வேண்டாம். நானே நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

எழுதுவது சாமானியமாக இல்லை. கல்லூரி படித்து இருபது வருடமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நம் உடம்பின் பாகத்துக்கு ஒரு பேர் எழுத முடியவில்லை. தெருவில் வசவாகக் கேட்ட சொல் ஒன்று இருக்கிறது, அகராதியில் யாரும் பேசாத சொல் ஒன்று இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. கடைசியில் அஞ்சலையும் மற்றவர்களும் கிளினிக்கில் என்ன சொல்கிறார்களோ அதையே எழுதினேன். படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மறுபடியும் படியுங்கள். நுரை மாத்திரையைக் குடிக்கக்கூடாது என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன். கல்யாணமாகாத பிள்ளைகள் கேட்டால் வெளியே போகச் சொல்லாதே. தெரிந்துகொள்வதால் யாருக்கும் வயிறு பெருப்பதில்லை.

பேர் போடாமல் அனுப்பலாமென்று முதலில் நினைத்தேன். திருமதி ராஜரத்தினம் கண்ணில் பட்டால் என் இடம் போய்விடும். பிறகு கடைசித் தாளின் அடியில் முழுப்பேரும் விலாசமும் எழுதினேன். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் யாருக்கு எழுதுவார்கள்?

இனித் தொட்டில். நான் அவிழ்க்கப் போகிறேன் என்றதும் அண்ணி எனக்கு முன்னாலேயே கோயிலுக்குப் போய் நின்றார்.

"கட்டினதை அவுத்தா அம்மன் கோவிச்சுக்கும்."

"பூ கேட்டுக் கட்டினீங்கல்ல? பூ கேட்டே அவுப்போம் அண்ணி."

பூசாரியும் சரி என்றார். அம்மன் தோளில் இரண்டு பக்கமும் பூ வைத்து நின்றோம். ஒரு பூவும் விழவில்லை. கற்பூரம் அணைந்தது. பூசாரி நடை சாத்த வேண்டும் என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் என்று அண்ணி கெஞ்சினார். பூ அப்படியே இருந்தது.

"அம்மன் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அண்ணி. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்போ பிள்ளைங்களே பேசி முடிவு பண்ணட்டும்னு அம்மன் விட்டுட்டாங்க போல" என்றேன்.

கயிறு மழையில் நனைந்து இறுகிப் போயிருந்தது. நகம் உடைந்தது, முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன், தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க. என்னிடம் படித்த பெண்கள் இரண்டு பேர் கும்பிட்டுவிட்டு வேறு போனார்கள். அண்ணி திட்டிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கிளையை இழுத்துப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

தொட்டில் உன் அலமாரியில் இருக்கிறது. அது உன்னுடையது. நீங்கள் இரண்டு பேரும் பேசி, என்றைக்குக் கட்டத் தோன்றுகிறதோ அன்றைக்கு நீயே போய்க் கட்டு. தோன்றவே இல்லையென்றாலும் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அண்ணி கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

சேது தாம்பினில் நிற்பான். இந்த முறையாவது இரண்டு பேரும் மழையை விட்டு வேறு ஏதாவது பேசுங்கள்.

கூழாங்கல்லை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தாள்களை எழுதும்போது காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு பாரம் வேண்டியிருந்தது.

உன் மாமி,
மீனாச்சி